காற்று வரும் வழி: கோவை மரபும் ஒரு முறையீடும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு டர்போ வண்டிகளின் காற்றுவழி பற்றி எழுத வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். தலைவர் அய்யாவும் ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மேல் மறுக்க முடியாது. இன்டர்கூலர் என்றால் என்ன என்று இங்கே ஆரம்பித்தால் மூத்த உறுப்பினர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எந்தப் பட்டறைக்காரர்கள் எந்த வழியில் வந்தார்கள், எதைச் சரி என்று பிடித்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். பெரியவர்கள் சிலர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை.

எல்லாவற்றுக்கும் மூத்தது எண்ணெய்க் கிண்ண ஃபில்டர்காரர்களின் மரபு. ராணுவ ஏலத்தில் ஜீப் எடுத்து மலைத்தோட்டத்தில் ஓட்டியவர்கள் அவர்கள். டர்போவைக் கண்ணால் பார்க்காத காலம் அது. ஆனால் ஃபில்டருக்குப் பின்னால் குழாயின் உட்புறம் லேசாக கிரீஸ் தடவிவிட்டு, செம்மண் பாதையில் ஒரு நாள் ஓடிய பிறகு விரலால் வழித்துப் பார்க்கும் சோதனை அவர்கள் கொடுத்ததுதான். விரலில் நறநறவென்று பட்டால் எங்கோ கசிவு இருக்கிறது. டர்போ வந்த பிறகு இந்தச் சோதனையின் மதிப்பு கூடியது. அத்தனை வேகத்தில் சுழலும் கம்ப்ரசர் சக்கரத்தின் விளிம்பை மணல்தூள் அரித்துவிடும். அந்த மரபின் குறையும் தெரிந்ததுதான்: சரிவில் வண்டி அதிகமாகச் சாய்ந்தால் கிண்ணத்து எண்ணெயே இன்ஜினுக்குள் போய்விடும்.

அடுத்து வந்தவர்கள் மாற்று இன்ஜின்காரர்கள். எம்எம் 540-இன் 2112 சிசி பெஜோ இன்ஜினுக்கு மலையில் மூச்சு முட்டியது. அதை இறக்கிவிட்டு டிஐ டர்போவை ஏற்றினார்கள். (1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை உறுப்பினர்கள் படித்திருப்பார்கள் என்று நம்பி, சட்டத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.) இன்டர்கூலர் பழைய இரும்புக் கடையில் கிடைத்ததுதான். அதை எங்கே வைப்பது என்பதில் இவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் இன்ஜின் தலைமேல் வைத்து பானெட்டில் வாய் வெட்டினார்கள். 2009இல் ஃபார்ச்சூனர் நம் நாட்டுக்குப் பானெட் வாயோடு வந்து இறங்கியதும் அவர்களுக்கு ஒரு தெம்பு. குழாய் குட்டை, சேறு படாது, ஆக்சிலரேட்டருக்கு உடனே பதில் வரும், எல்லாம் உண்மை. ஆனால் வண்டி நடை வேகத்தில் பாறை ஏறும்போது பானெட் வாய்க்குள் காற்று வருவதில்லை. கீழேயிருந்து இன்ஜின் சூடுதான் ஏறும். மறுசாரார் ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். அங்கே காற்று உண்டு. முதல் கல்லும் முதல் சேறும் அதற்குத்தான்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் மழையோடு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஸ்நார்கல்தான் எல்லாம். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஸ்நார்கல் போட்டால் குதிரைத்திறன் கூடும் என்று இளைஞர்கள் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அது தண்ணீருக்கும் தூசிக்கும் மேலிருந்து காற்று எடுக்கும் வழி, அவ்வளவுதான். 2021 கூர்க்கா அதைக் கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டு வந்தது. புதிய தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை கம்பெனியே அனுமதி தருகிறது. அந்தப் பக்கத்து மூத்த கைகள் வேலையை முடித்ததும் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்நார்கல் வாயை ஒரு பலகையால் மூடுவார்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ஏர்பாக்ஸின் வடிகால் துளையோ ஏதோ ஒரு மூட்டோ திறந்திருக்கிறது. ஆற்றில் அந்த வழியாகத் தண்ணீர் போகும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

இனி எங்கள் பட்டறை. பம்ப்செட்டும் வார்ப்படமும் பஞ்சாலையும் உள்ள ஊர் இது. லேத்தும் அலுமினிய வெல்டிங்கும் தெருவுக்குத் தெரு உண்டு. கரிவர்தன் இங்கேயே ரேஸ் கார் செய்து ஓடவிட்ட நாள்களில் கைகட்டி நின்று பார்த்தவர்களில் என் ஆசிரியரும் ஒருவர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் அழைத்தோம். பட்டறை போடுவதற்கு முன் அவர் பஞ்சாலையில் ஈரப்பதக் காற்று அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தவர். தகரக் குழாயில் காற்று எங்கே திரும்பினால் முனகும், எந்த ஓட்டையில் தப்பிக்கும் என்பது அங்கே படித்த பாடம். ஆஃப்ரோடு உலகம் அவரை இன்டர்கூலர்காரர் என்று சொன்னது. உண்மையில் அவர் தகரக்காரர்.

இன்டர்கூலர் கோரின் அளவைவிட அதைச் சுற்றியுள்ள இடைவெளிதான் அவருக்கு முக்கியம். முன்னால் பெரிய கோர் தொங்கவிட்டு, நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டால், காற்று கோருக்குள் ஏன் போக வேண்டும்? சுற்றிக்கொண்டு போய்விடும். அவர் தகரத் தடுப்பு வெட்டி, ஓரத்தில் சைக்கிள் ட்யூப் ரப்பரைக் கிழித்து வைத்து, ரேடியேட்டர் வரை மூடுவார். பின்னால் விசிறி இழுக்கிற காற்று முழுக்கக் கோர் வழியாகத்தான் வர வேண்டும். ஓடும் காற்று இல்லாத நடை வேகத்தில் விசிறிதானே துணை? "ஏத்தத்துல நிக்கிற வண்டிக்குத்தாங் கண்ணு கூலர் வேணும், ஹைவேல போறதுக்கு எதுக்கு?" என்பார். சேற்றிலிருந்து வந்த வண்டியை முன்புறம் தண்ணீர் அடித்துக் கழுவ விடமாட்டார். அழுத்தம் கூடிய தண்ணீர் சேற்றை இன்னும் உள்ளே தள்ளும், மெல்லிய தகடுகளையும் மடக்கும் என்று பின்னாலிருந்து மெதுவாக அடிக்கச் சொல்வார்.

அவர் கணக்கு எளிது. கோவை வெயிலில் 35 டிகிரிக் காற்று, 1 பார் பூஸ்ட், கம்ப்ரசர் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 130 டிகிரியைத் தொடும். அதை 60க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் சிலிண்டருக்குப் போகும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். கோருக்கு முன்னும் பின்னும் இரண்டு துளை வெல்டு செய்து, தெர்மோகப்பிளும் அழுத்த கேஜும் மாட்டி, லோ ரேஞ்சில் முதல் கியரில் எஸ்டேட் ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பார். கோருக்குப் பின் வெப்பநிலை வெளிக்காற்றைவிட 25 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. கோருக்குள் இழக்கும் அழுத்தம் 2 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் மறுபடி பிரிப்பார், கூலி வாங்கமாட்டார். இன்டர்கூலர் போட்டதும் பூஸ்ட் முள் சற்று இறங்குவதைப் பார்த்துப் பதறி வந்தவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து விளக்குவார்.

அவர் தன் மரபையும் மிகைப்படுத்தியதில்லை. லேண்ட் ரோவரின் 1986 டர்போ டீசல் 2.5 லிட்டர் இன்ஜின் இன்டர்கூலர் இல்லாமல் 85 குதிரைத்திறன் தந்தது. 1990இல் டிஃபெண்டருக்கு வந்த 200 டிடிஐ, அதே 2.5 லிட்டரில் 107. நாங்கள் இதைப் பெருமையாகச் சொன்னால், நேரடி இன்ஜெக்ஷனும் அதோடு சேர்ந்துதான் வந்தது, முழுப் புகழையும் கூலருக்குக் கொடுக்காதீர்கள் என்று தடுப்பார்.

ஈசியூ ரீமேப் மரபு இளையது. அதன் ஆசான்கள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் விரிவாக எழுதுவது முறையல்ல. 2010இல் 105 குதிரைத்திறனோடு தார் சிஆர்டிஇ வந்ததிலிருந்து நல்ல கைகள் அங்கும் உருவாகியிருக்கின்றன. எந்திரப் பம்ப் காலத்தில் ஸ்க்ரூவைத் திருப்பினோம், இப்போது லேப்டாப். எரிபொருள் கணக்கு மாறாத வண்டியில் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பதை அவர்களும் வாடிக்கையாளரிடம் சொல்வார்கள் என்று நம்புகிறேன். எண்ணெய் தோய்த்த பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரில் படியும் என்பதையும்.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரையும் குறித்துச் சொல்லவில்லை. நம் சங்கத்தில் அப்படி யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கடந்த ஆண்டுப் பயணத்தில் அணிவகுத்த வண்டிகளை முன்னாலிருந்து பார்த்தேன். இன்டர்கூலருக்கு நேர் எதிரே எல்இடி பார். அதற்குக் கீழே வின்ச். வின்ச்சின் மேல் நம்பர் பிளேட். இரண்டு வண்டிகளில் பார் இரட்டை வரிசை. ஆறு அங்குல உயரக் காற்றுவழியில் நாலு அங்குலத்தை விளக்கு அடைத்துக்கொண்டால், பின்னால் எவ்வளவு விலையுள்ள கோர் இருந்து என்ன? விளக்கை மேலே வைக்கலாமே, கூரை இருக்கிறதே என்று ஒரு தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன். போட்டோவில் முன்பக்கம் வெறிச்சென்று இருக்கும் அங்கிள் என்றார்.

அன்றிலிருந்து எங்கு போனாலும் இதுதான் கண்ணில் படுகிறது. இன்ஜின் சூட்டையே உறிஞ்சும் திறந்த கூம்பு ஃபில்டர், விசில் சத்தத்துக்காக. கிளிப்பின் பல் கடித்துக் கிழிந்த சிலிக்கான் ஹோஸ். டி-போல்ட் கிளாம்ப் கேட்டால் கடைக்காரரே யோசிக்கிறார். கோரின் மீது பெயின்ட். பெயின்ட்டின் மீது ஸ்டிக்கர். கறுப்புப் புகை வந்தால் சோப்புத் தண்ணீர் பூசிக் கசிவு தேட யாருக்கும் பொறுமை இல்லை, இன்னொரு மேப் போடுகிறார்கள். பட்டறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் போய்விட்டார்கள். டெஸ்ட் ஓட்டத்துக்கு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்த காலம் போய்விட்டது. கல்யாண மண்டபத்து வாசலில் சீரியல் பல்பு மினுக்குவதைப் பார்த்தால்கூட எனக்கு அந்த பார்தான் ஞாபகம் வருகிறது. என் வீட்டில் இதைப் பேசக் கூடாது என்று உத்தரவே இருக்கிறது.

பெரியவர்கள் முன் வைக்கும் விண்ணப்பம் இது. ஆண்டுப் பயணத்தின் வண்டிச் சோதனைப் படிவத்தில் இழுவைக் கொக்கி, தீயணைப்பான், பேட்டரி கிளாம்ப் எல்லாம் இருக்கின்றன. அதில் இரண்டு கட்டம் சேர்க்க வேண்டும்: பத்து நிமிட ஏற்றத்துக்குப் பிறகு கோருக்குப் பின் வெப்பநிலை, கோருக்குள் அழுத்த இழப்பு. துளை இல்லாத வண்டிக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். காலி என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மீட்டரையும் ஒயரையும் மேஸ்திரியின் மூத்த சீடர் பீளமேட்டிலிருந்து கொண்டுவரச் சம்மதித்துவிட்டார். மேசையும் இரண்டு நாற்காலியும் சங்கம் போட வேண்டும். நிழலில் போட வேண்டும். வெயிலில் அந்த மீட்டரின் எண் தெரியாது.