எத்தனால் கணக்கில் விடுபட்டவை

பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் இலக்கை, 2030 என்று குறித்திருந்ததை, நம் நாடு 2025-லேயே எட்டிவிட்டது. அன்னியச் செலாவணி மிச்சம் என்கிறார்கள்; சரிதான். ஆனால் வாசகர்களே, காரின் கணக்கையும் சற்றுப் பாருங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். எத்தனாலோ 21 மெகாஜூல்தான் தரும். அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால், ஓரளவு எரிந்துவிட்ட பொருள் என்றே அதைச் சொல்லலாம். வன்னியம்பட்டியிலிருந்து இராஜபாளையம் சென்று வரும் ஒருவர் 30 லிட்டர் கலப்பு எரிபொருள் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள 6 லிட்டர் எத்தனால், 4 லிட்டர் பெட்ரோலின் வேலையையே செய்யும். 2 லிட்டர் போயிற்று! விலையோ முழு 30 லிட்டருக்கு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, இக்கலப்புக்கென அமைக்கப்படாத கார்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்றது. எத்தனாலின் ஆக்டேன் எண் உயர்வு என்பார்கள். அழுத்த விகிதம் உயர்த்தப்பட்ட எஞ்சினுக்கே அதனால் பயன்.

எத்தனால் நீரை ஈர்க்கும். தொட்டியில் நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து, பெட்ரோலைப் பிரிந்து அடியில் தங்கும். அடியிலிருந்துதானே பம்பு உறிஞ்சுகிறது! பழைய ரப்பர்க் குழாய்களும் உப்பிக் கெடும்.

பெரிய குறை வயலில் இருக்கிறது. கரும்பு வழியே ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2860 லிட்டர் நீர் வேண்டும் என்கிறது அதே அறிக்கை. நம் நண்பர் போட்ட 6 லிட்டரும் கரும்பில் வந்ததென்றால் 17,160 லிட்டர்! கண்மாயையும் கிணற்றையும் நம்பும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார உழவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மக்காச்சோளம் குறைந்த நீரில் விளையும்தான். ஆனால் அதைக் கோழித்தீவன ஆலைகளும் கேட்கின்றன. 2024-ல் மக்காச்சோளத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. மிச்சமான செலாவணியில் ஒரு பகுதி அங்கே போயிற்று.