வேர்களும் பதிவேடுகளும்

'ஏழு தலைமுறைகள்' என்று தமிழில் வந்த அலெக்ஸ் ஹேலியின் நூலை நம்மில் பலர் அழுதுகொண்டேதான் படித்தோம். நானும்தான். 'இது நாவலா, வரலாறா?' என்று கேட்டவர்களை உடனே எதிரி முகாமில் தள்ளிவிட்டோமே, அந்த அவசரம் இப்போது உறுத்துகிறது.

மூலநூல் 1976இல் வந்தது. 1981இல் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் இருவரும் விர்ஜீனியா ஆவணங்களைப் புரட்டி ஒரு கட்டுரை எழுதினார்கள். குண்ட்டா கின்ட்டேயை ஏற்றிவந்ததாக ஹேலி சொல்லும் கப்பல் கரைசேர்ந்தது 1767இல். வாலர் குடும்பத்து அடிமை டோபியோ அதற்கு முன்பே பதிவுகளில் இருக்கிறான். ஆக, அவன் இவனில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, அந்தப் பதிவுகளை எழுதியது யார்? அமெரிக்காவின் முதல் குடிக்கணக்கு 1790இல். பெயர் குடும்பத் தலைவருக்கு மட்டுமே. மனைவி மக்களெல்லாம் வெறும் எண்ணிக்கை. அடிமைகள் கடைசிக் கட்டத்தில் ஓர் எண். 1850இல் சுதந்திர மனிதர் ஒவ்வொருவருக்கும் பெயர் கிடைத்தது. அடிமைகளுக்குத் தனி அட்டவணை: மேலே சொந்தக்காரன் பெயர், கீழே வயது, பால், நிறம். அவ்வளவுதான். அடிமைகளாயிருந்தவர்களில் பெரும்பாலோர் குடிக்கணக்கில் பெயரோடு வருவது 1870இல். அதற்கு முன்னால் தேடினால் எஜமான் செத்தபிறகு எடுத்த சொத்துப் பட்டியல் போன்றவற்றில்தான் அகப்படுவார்கள், மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே, விலையோடு. அங்கே பெயர் எழுதுவார்கள். விலை போட வேண்டுமே!

1662இல் விர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் எஜமானாகவே இருந்தாலும் பிள்ளை அவனுக்குச் சொத்து. தகப்பனை இப்படிச் சட்டமே துடைத்துவிட்ட இடத்தில், வம்சாவளி மரமோ தகப்பன் வழிப் பெயரைக் கேட்கிறது. வாரிசுரிமைக்காக வளர்ந்த வடிவம் வேறெதைக் கேட்கும்?

ஹேலி கற்பனை செய்தது எனக்குக் குற்றமாகப் படவில்லை. அந்தக் கற்பனைக்கு ஆவண முத்திரை குத்தியதுதான் கோளாறு. ஒரு கப்பல், ஒரு தேதி, ஒரு மூல ஆண் என்று அதிகாரத்தின் படிவத்தையே பூர்த்தி செய்து கொடுத்தார். அடுத்தவன் படிவத்தில் பொய் எழுதினால் அடுத்தவனே திருத்துவான். மில்ஸ் தம்பதி செய்தது அதைத்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

நம்மீதுதான் சந்தேகம். பெயரில்லாத வயதும் பாலும் நிறமுமாக அந்த அட்டவணை வரிகளையே ஒருவர் நூலாக்கித் தந்திருந்தால், நாம் அழுதிருப்போமா?