நீலகிரி அலமாரியை ரசிப்பது எப்படி?

டூயி எண் முறையில் அடுக்கப்பட்ட பழைய நூலகம் எதற்குப் போனாலும், முதலில் 572-ஆம் எண் இருக்கும் அலமாரியைப் பாருங்கள். இன்றைக்கு அது உயிர்வேதியியலின் எண். முந்தைய பதிப்புகளில் அதே எண் மனித இனங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வகைப்பாடு மாறிய பிறகும், முதுகில் ஒட்டிய சீட்டை எல்லா நூலகங்களும் கிழித்து மாற்றவில்லை. அதனால் நீலகிரிப் பழங்குடியான தோடர்களைப் பற்றிய ஒரு தடித்த நூல், செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றிய புத்தகங்களுக்கு அண்டை வீட்டுக்காரராக இன்னமும் உட்கார்ந்திருக்கக்கூடும். ஒரு காலத்தில் இந்த மக்களை எந்த வரிசையில் வைத்துப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

புதிய நூல்கள் 305.8-க்கு இடம் பெயர்ந்துவிட்டன. சடங்கு, வழக்கம் என்றால் 390. கதையும் பாட்டும் 398. மொழி பற்றியது 494.8, அதாவது தமிழிலக்கணத்துக்குப் பக்கத்திலேயே. தோடர் பெண்களின் பூந்தையல் 746-இல் கைவினைகளோடு இருக்கும். ஊர் வரலாறு 954. ஆக, ஒரே மலையில் வாழும் ஒரு சிறு சமூகம் நூலகத்தில் ஆறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. “பழங்குடிகளைப் பற்றி என்ன இருக்கிறது?” என்று கேட்டால் நூலகர் ஒரு அலமாரியைத்தான் காட்டுவார். அவர் மேல் குற்றமில்லை, கேள்வி அப்படி.

கேள்வியைச் சின்னதாக்குங்கள். எல்லாப் பழங்குடிகளையும் பற்றி ஒரே புத்தகம் தேடுகிறவருக்குப் போட்டித் தேர்வு வழிகாட்டிதான் கிடைக்கும். ஒரு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நீலகிரியைச் சொல்வேன். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளவையாக அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய எல்லோரும் அந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். இன்னொரு காரணம், அந்த மலையைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். நீலகிரி பற்றி வந்த எழுத்துகளுக்கு பால் ஹாக்கிங்ஸ் தொகுத்த நூல்பட்டியல் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கிறது, 1603-இல் ஃபினிச்சியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலையேறித் தோடர்களைச் சந்தித்தார். பட்டியலே ஒரு பெரிய புத்தகம். அதைப் புரட்டுவதே தனி சுகம். ரயில்வே கால அட்டவணையைப் படித்து ஊர் ஊராகப் போய்வந்த மகிழ்ச்சியை அடைகிறவர்கள் உண்டல்லவா, அவர்களுக்குப் புரியும்.

கணினிப் பட்டியலில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய வெள்ளைக்காரர்கள் மலையை ‘நீல்கெர்ரி’ என்று ஒலிக்கும்படி எழுதினார்கள். தோடர் சில நூல்களில் துடவர், அதே மலையில் வாழும் படகர் சிலவற்றில் பர்கர். இந்த வடிவங்களைப் போட்டுத் தேடினால்தான் 19-ஆம் நூற்றாண்டு வெளியே வரும். கேப்டன் ஹார்க்னஸ் 1832-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் தோடர் என்ற பெயரே கிடையாது. மலையுச்சியில் வாழும் விசித்திரமான ஆதிக்குடி என்று மட்டும்தான் இருக்கும்.

சரி, புத்தகம் கைக்கு வந்துவிட்டது. நடுவில் திறக்காதீர்கள். தோடர் நூல்களைக் கையிலெடுப்பவர்கள் பெரும்பாலும் ஒருத்திக்குப் பல கணவர் என்ற அத்தியாயத்துக்கே நேராகப் போவார்கள். நூலகப் பிரதியில் அந்தப் பக்கங்கள் மட்டும் அழுக்கேறியிருந்தால் வியப்பில்லை. நீங்கள் முன்னுரைக்குப் போங்கள். எழுதியவர் யாருடைய சம்பளத்தில் இருந்தார், எத்தனை நாள் தங்கினார், எந்த மொழியில் பேசினார், மொழிபெயர்த்தது யார், பதில் சொன்னது யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் மிச்சப் புத்தகத்தின் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

1873-இல் வெளிவந்த இரண்டு நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். ஒன்று நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் எழுதியது. கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் பழங்குடிப் பொருள்களைச் சேகரித்து அனுப்பும் வேலையில் பிறந்த நூல் அது. அவர் 1872-இல் இறந்துவிட, மனைவி அச்சுக்குக் கொடுத்தார். எனவே அதில் பானை, நகை, ஆயுதம், பழங்காலக் கல்லறைப் பொருள் என்று சாமான்கள் நிறைந்திருக்கின்றன. இன்னொன்று கர்னல் மார்ஷலுடையது. மண்டையோட்டு மேடுபள்ளங்களை வைத்துக் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பியவர் அவர், அந்த நம்பிக்கையைத் தலைப்பிலேயே பெருமையாகப் போட்டுக்கொண்டார். அந்தக் ‘கலை’ செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் நூலை ஒதுக்க வேண்டாம். தலையை அளக்கப் போன மனிதர் தற்செயலாகப் பார்த்து எழுதிவைத்த வீடும் எருமையும் இன்றும் பயன்படுகின்றன. அவருடைய முடிவுகளைத் தாண்டிவிட்டு வர்ணனைகளைப் படியுங்கள்.

எட்கர் தர்ஸ்டன் பெயர் எப்படியும் உங்கள் முன் வந்து நிற்கும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளாக 1909-இல் வெளியிட்டார். அகர வரிசையில் இருப்பதால் எல்லோரும் அகராதிபோல் எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள். அதுதான் அதன் ஆபத்து. அகராதிக்கு உள்ள நிதானம் அதற்குக் கிடையாது. மூக்கின் அகலத்தை அளந்த கணக்கும், பழைய அறிக்கைகளிலிருந்து வெட்டியெடுத்ததும், யாரோ சொன்ன வேடிக்கைக் கதையும் ஒரே பத்தியில் கலந்து வரும். தர்ஸ்டனே பதிவு செய்திருக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. வயநாட்டில் அவரைப் பார்த்ததும் பணியப் பெண்கள் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல ஆள்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்தார்களாம். அவர் அதைச் சிரிப்புக்காக எழுதுகிறார். அந்தப் பெண்கள் நிலைமையைச் சரியாகவே கணித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பணியர் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் பணியர்கள் அளக்கப்படுகிறார்கள், இங்கே அவர்கள் தர்ஸ்டனை அளக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களைப் பிடிப்பதுதான் இந்த அலமாரியின் ருசி. இதற்கு மிகச் சிறந்த நூல், ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட ‘தோடர்கள்’. டாரஸ் நீரிணைத் தீவுகளில் வேலை செய்துவிட்டு 1901-இல் நீலகிரிக்கு வந்த மருத்துவர் அவர். குடும்ப வம்சாவளியைக் கேட்டுக் கேட்டு ஒரு சமூகத்தின் அமைப்பைப் பிடித்துவிடலாம் என்பது அவருடைய முறை. தோடர்களிடம் அது உடனே முட்டிக்கொண்டது. இறந்தவர்களின் பெயரைச் சொந்தக்காரர்கள் உச்சரிக்கக் கூடாது. எனவே ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினார். நூலின் பின்னால் அந்த அட்டவணைகள் முழுவதும் இருக்கின்றன. உள்ளே ஒரு தோடரின் பெயர் வரும்போதெல்லாம் பக்கத்தில் அடைப்புக்குறியில் ஓர் எண் வரும். அது அவர் குடும்பத்து அட்டவணையின் எண். விரலை அங்கே வைத்துக்கொண்டு பின்பக்கம் போனால் அப்பா, அண்ணன், மனைவி, மகன் எல்லோரும் வந்து நிற்பார்கள். பால்மடத்துச் (எருமைப்பாலைக் கையாளும் புனித இடம்) சடங்கு பற்றிய நீண்ட அத்தியாயங்கள் முதல் வாசிப்பில் அலுக்கும், மறைப்பானேன். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் சடங்கு செய்தவர் ஒரு வீட்டுப் பிள்ளையாக மாறிவிடுவார், அலுப்பும் குறையும்.

ரிவர்ஸ் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவருக்கு மறைபொருள்களைச் சொன்னவர்களுக்கும் புனித இடங்களைக் காட்டியவர்களுக்கும் அடுத்தடுத்துத் துன்பம் நேர்ந்தது. ஒருவர் நோயில் விழுந்தார், ஒருவர் மனைவியை இழந்தார். ரகசியத்தைச் சொன்னதால் வந்த தண்டனை என்று தோடர்கள் எண்ணினார்கள், பிறகு பலர் வாய் திறக்கவில்லை. இதைப் படித்துவிட்டால், நூலில் ஓரிடத்தில் விவரம் பாதியில் நின்றுபோனால் எரிச்சல் வராது. அங்கே யாரோ பேச்சை நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

அடுத்து 494.8-க்கு வாருங்கள். மொழியியல் என்றதும் ஓடவேண்டாம். மொழியியலாளர் எமனோ, அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளை ஆராய்ந்த எட்வர்ட் சபீரிடம் பயின்றவர். 1930-களின் நடுவில் நீலகிரிக்கு வந்தார். 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வந்த அவருடைய ‘கோத்தர் உரைகள்’ நூலில் கதைகள் கோத்தர் மொழியிலேயே, ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கின்றன. சொன்னவர் சுல்லி. கோத்தர் இனத்துப் பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் அறிந்தவர். ஆண்கள் கூந்தல் வளர்த்த ஊரில் முடியை வெட்டிக்கொண்டு பகையைச் சம்பாதித்தவர். மானிடவியலாளர் மேண்டல்பாமுக்கும் அவர்தான் துணை. பின்னாளில் மேண்டல்பாம் சுல்லியைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். அதையும் தேடி எடுத்து இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். சீர்திருத்தம் வேண்டிய ஒருவர் தன் ஊரின் பழங்கதையை எப்படிச் சொல்வார் என்ற கேள்வியோடு படித்தால், நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு ஒரு நாவல்போல் விறுவிறுப்பாகிவிடும். கோத்தர் உலகம் முழுவதும் அதில் இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பெண்கள் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்த நூலில் விடை இல்லை.

அதே எமனோவின் ‘தோடர் பாடல்கள்’ 1971-இல் வந்தது. தலையணைபோல் கனக்கும் நூல். தோடர் பாட்டு மூன்றசைத் துணுக்குகளால் ஆனது. துணுக்குகள் பெரும்பாலும் வழிவழியாக வந்தவை, ஜோடி ஜோடியாக வருபவை. புதிதாகப் பாடுகிறவரின் திறமை, எதை எதோடு கோப்பது என்பதில் இருக்கிறது. முழு நூலையும் படிக்க முயலாதீர்கள், நானும் படித்ததில்லை. ஒரே ஒரு எருமைப் பாட்டை எடுத்து, குறிப்புகளோடு மெல்லப் படித்தால் போதும். ஒவ்வொரு துணுக்குக்குப் பின்னாலும் ஒரு மடம், ஒரு மேய்ச்சல் நிலம், ஒரு குலம் இருப்பது தெரியும். சும்மா ஒரு விளையாட்டுக்கு, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் கல் என்ற சொல்லைப் பாருங்கள். தமிழிலும் கல், கோத்தரிலும் கல். சிகாகோ பல்கலைக்கழகம் இந்த அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

தமிழ் நூல்களில் முதலில் எடுக்க வேண்டியது பக்தவத்சல பாரதியின் ‘தமிழகப் பழங்குடிகள்’. துறை அறிந்தவர் எழுதியது, தமிழ் தடுக்காமல் ஓடும். அதற்கு முந்தைய தலைமுறையில் பிலோ இருதயநாத், காடுமலையெல்லாம் அலைந்து பத்திரிகைகளில் எழுதினார். ஆய்வு ஒழுங்கு குறைவு, ஆர்வம் அதிகம். சில இடங்களில் அவருடைய தொனி இன்று நெருடும். நாவல் படிப்பவர்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ இருக்கிறது. அது படகர் வாழ்க்கையைச் சொல்வது. படகர்கள் அரசின் பழங்குடிப் பட்டியலில் இல்லை, சேர்க்கும்படி கேட்டுவருகிறார்கள். ஆனால் அவர்களை விட்டுவிட்டு அந்த மலையைப் புரிந்துகொள்ள முடியாது. கோத்தரின் இரும்பு வேலையும் மண்பாண்டமும் இசையும், தோடரின் நெய்யும், படகரின் தானியமும் கைமாறிய மலை அது. சத்தியமங்கலம் பக்கம் நகர்ந்தால் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’. வீரப்பன் தேடுதல் வேட்டையில் அங்குள்ள பழங்குடிகளான சோளகர் பட்டதைப் படிக்க மனத்திடம் வேண்டும்.

இவையெல்லாம் எங்கே கிடைக்கும்? சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது, தர்ஸ்டன் இருந்த அருங்காட்சியக வளாகத்திலேயே. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று அது. காலையில் நூலைப் படித்துவிட்டு மதியம் பக்கத்திலேயே மானிடவியல் காட்சிக்கூடத்துக்குப் போய் அதே பொருள்களைப் பார்க்கலாம். பொருளுக்குக் கீழே செய்தவர் பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய தமிழ் இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பதிப்புரிமை முடிந்த ஹார்க்னஸ், பிரீக்ஸ், மார்ஷல், தர்ஸ்டன், ரிவர்ஸ் எல்லாம் இண்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன. ரிவர்ஸை மட்டும் முடிந்தால் காகிதத்தில் படியுங்கள், அட்டவணைக்கும் பக்கத்துக்கும் விரல் போய்வருவது திரையில் தொல்லை.

உதகைக்கே போகிறவர்களுக்கு ஊருக்குள் நீலகிரி நூலகம் இருக்கிறது, சிசோம் வடிவமைத்த கட்டடம். உறுப்பினர்களுக்கானது, எனவே முன்பே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஊருக்கு வெளியே முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம், அருங்காட்சியகத்தோடு இருக்கிறது. அங்கே போனால் அச்சான நூலைவிட, ஒரு சமூகத்தைப் பற்றிச் சமீபத்தில் நடந்த ஆய்வுகளின் அறிக்கை ஏதாவது உண்டா என்று கேளுங்கள். அறிக்கை கிடைத்தால் எந்தப் பக்கத்தை முதலில் திறப்பது என்று இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.