நழுவவிட்ட கேட்சும் பிடித்த கேட்சும்

மாட்டுங்கா தட்கர் மைதானத்தின் ஓரத்தில் ஞாயிறு காலையில் நிற்கிறவனுக்கு, உள்ளே நடக்கும் ஆட்டத்தைக் காட்டிலும், தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மட்டையோடு வந்து தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் தர்க்கமே பல சமயம் ஸ்வாரஸ்யமாயிருக்கும். சென்ற வாரம் அவர்கள் வழக்காடியது, 2001-இல் வெளிவந்த ‘லகான்’ படத்தில் வரி நீங்கவேண்டிக் கிராமத்தார் ஆங்கிலேயரோடு ஆடிய மூன்று நாள் கிரிக்கெட் ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்தது எது என்பதைப் பற்றி. கடைசிப் பந்தில் கிராமத்து அணித் தலைவன் புவன் அடித்த சிக்சர்தான் என்று ஏகமனதாய்த் தீர்ப்பாயிற்று. அடியேனுக்கு அதில் சம்மதமில்லை.

முதல் நாள் புவனின் அணியிலிருந்த லாகா கேட்சுகளை நழுவவிட்டானே, அது கைத்திறனின் குறையன்று. ஊர்ப்பெண் கௌரியின் மேல் வைத்த ஆசை, அவள் மனம் புவனிடம் இருப்பதறிந்து பொறாமையாய்த் திரிந்து, அவனை ஆங்கிலேயரின் காப்டன் ரஸ்ஸலின் உளவாளியாக்கியிருந்தது. தவறிய கேட்சுக்கே ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் கிடையாது; தவறவிட்ட காரணத்துக்கு ஏது? அந்த இரவு அவனது துரோகத்தை வெளிப்படுத்தியவளோ ரஸ்ஸலின் தங்கை எலிசபெத்: நியாய உணர்ச்சியால் கிராமத்தாருக்கு ஆட்டம் கற்பிக்க வந்து, புவன் மேல் பிரேமை கொண்டவள். பிரேமையால் கட்சி மாறியவனைக் காட்டிக்கொடுக்க, கட்சி மாறிவந்து பிரேமை கொண்ட ஒருத்தியே வரவேண்டியிருந்தது!

ஆட்டத்தையும் ஆசையையும் இப்படிப் பிணைத்த படம் இன்னொன்றும் உண்டு. கொரியாவில் அடுத்த ஆண்டே, 2002-இல், கிம் ஹியூன்-சோக் எடுத்த ‘ஒய்.எம்.சி.ஏ. பேஸ்பால் டீம்’ படத்தில் சங் காங்-ஹோ நடித்த பழைய கல்விமான் பேஸ்பாலிடமும், அதைக் கற்பிக்கும் பெண்ணிடமும் ஒருங்கே மனத்தைப் பறிகொடுக்கிறான். காலம் 1905, எதிரணி ஜப்பானியச் சிப்பாய்கள். ஆனால் கொரியருக்குப் பேஸ்பால் அமெரிக்கப் பாதிரிமார் கொணர்ந்த ஆட்டமாகையால், அந்தப் பெண் எவர் வீட்டுக்கும் துரோகம் செய்யவேண்டியதில்லை. 1893-இல் நடப்பதாகச் சொல்லப்படும் லகானின் சம்பானேர்க் கிராமத்துக் கதையிலோ கிரிக்கெட் ஆள்வோரின் சொந்த ஆட்டம். அதைச் சொல்லிக்கொடுக்க அவர்கள் வீட்டிலிருந்தே ஒருத்தி பிளந்து வரவேண்டும்.

துரோகம் வெளிப்பட்ட அந்த இரவில், லாகாவை அடித்துக் கொல்லத் துரத்திய ஊராரைத் தடுத்து, மறுநாளும் அவனைக் களத்தில் நிறுத்தினான் புவன். பதினொருவரைச் சேர்க்கவே தவித்த அணிக்கு அது கருணை மட்டுமன்று, காரியமும்கூட. மறுநாள் லாகா பாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்த கேட்சே ஆட்டத்தின் திருப்பம் என்பது என் கட்சி.

கடைசியில் மழை வந்தது, மூன்று வருஷ வரி நீங்கிற்று, ரஸ்ஸல் ஆப்பிரிக்காவுக்கு மாற்றப்பட்டான். எலிசபெத் இங்கிலாந்து திரும்பி, கல்யாணம் செய்துகொள்ளாமலே காலங்கழித்தாள்.