பல்லில் பொருந்தும் இரும்பு

கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் கச்சேரி என்றால், மிருதங்கத்துக்குப் பக்கத்தில் முகர்சிங் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புச் சட்டம், அதன் இரு கால்களுக்கு நடுவே ஒரு மெல்லிய நாக்கு. மிச்சக் கருவி வாசிப்பவரின் வாய்தான்.

வெள்ளவத்தை வீட்டில் பழகத் தொடங்கிய முதல் கிழமை முழுக்கப் பல் கூசியது. கால்கள் முன்பற்களில் பொருந்த வேண்டும். பல்வரிசைகள் சற்று விலகியிருக்க வேண்டும். துடிக்கும் நாக்கு பல்லில் தட்டவே கூடாது. வலது சுட்டுவிரலால் நுனியை மீட்டி மீட்டி ஒருநாள் சரியாக அமைந்தபோது, அந்த ரீங்காரம் மண்டைக்குள்ளேயே எழுந்தது. அப்படியொரு சந்தோஷம்!

பிறகுதான் சொற்கட்டு. குரல் எழுப்பாமல் 'தகதிமி' சொல்ல வேண்டும். நாவும் மூச்சும் வாய்க்குழியை மாற்ற, ஒரே சுருதிக்குள்ளிருந்து வெவ்வேறு மேற்சுரங்கள் எழும். சைபீரியாவின் சாகா மக்கள் இதன் உறவான கோமுஸில் காற்றையும் குதிரையையும் கேட்கவைப்பார்கள். நம்மவர்கள் தாளக் கணக்கைப் பேசவைத்தார்கள். எனக்கு அதுவே பெரிய அதிசயம்.

இரும்பு நாக்கின் நுனியில் ஒரு பொட்டுத் தேன்மெழுகு வைத்தால் சுருதி கொஞ்சம் இறங்கும். ஏற்ற அப்படி இலேசான வழியில்லை. அதனால்தான் வித்துவான்கள் பல முகர்சிங்குகளோடு வருகிறார்கள். என்னிடம் ஒன்றுதான். தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து வரும் உப்புக்காற்று இரும்பை விடாது. வாசித்ததும் துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைக்கிறேன்.