செயப்பாட்டு வினையில் ஒரு கணக்கு

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையோடு வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பை நம்ம எழுத்தாளர்கள் ஒரு பிரதியாக எடுத்துப் படிப்பதில்லை. எம்.ஏ. தமிழ் படித்த பாவத்துக்கு நான் படிக்கிறேன். அதன் வினைகளைப் பாருங்கள்: 'ஒதுக்கப்பட்டது', 'வழங்கப்பட்டது', 'செலவிடப்பட்டது'. எல்லாம் செயப்பாட்டு வினை. செய்தவன் பெயர் இல்லை. எந்தச் சேரியில் என்பதும் இல்லை. 'ஒதுக்கு' என்றால் தமிழில் எடுத்து வைப்பதும்தான், விலக்கி வைப்பதும்தான். எங்கள் விஷயத்தில் ரெண்டும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80இல் வந்தது. மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை பங்கோ, திட்ட நிதியிலும் அத்தனை பங்கு என்பதே அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அது 20 விழுக்காடு. வரவுசெலவு ஏட்டில் இதற்கென்றே 789 என்று ஒரு தலைப்பு உண்டு. சூட்சுமம் இங்கேதான். ஊருக்கெல்லாம் பொதுவான செலவில் ஒரு பங்கைப் பிரித்து 789இல் எழுதிவிட்டால் கணக்கு நேர். 'நீங்களும் அந்தப் பாலத்துல போவீங்கல்ல?' 2010இல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்கே இந்தப் பணம் போனது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் அதை ஒப்புக்கொண்டார். 2023இல், மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதியை எடுப்பது பற்றித் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. அந்தத் தொகை எங்க பெண்களுக்கும் வருது, இல்லைன்னு சொல்லல. எல்லாருக்கும் தருவதை எங்க பங்கிலிருந்து ஏன் எடுக்கணும்?

எங்க அம்மா கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினவள். நாலு குச்சி குறைந்தால் கணக்குப்பிள்ளை கண்டுபிடிப்பான், கூலியில் பிடிப்பான். எழுத்துத் தெரியாதவள், கட்டைக்கு ஒரு கோடாகக் கரித்துண்டால் சுவரில் போட்டு வைப்பாள். சனிக்கிழமை அந்தச் சுவரை வைத்துத்தான் சண்டை.

எங்க ஊருக்கு வந்த தார்ரோடு காலனி முக்கோடு நின்றது. மழை பெய்தால் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுதுக. கரிசல் மண் வாசனையை எழுதிக் குவித்தாச்சு. அது காலில் அப்பினால் என்னவாகும் என்று எழுத ஆளில்லை.

ஆந்திரம் 2013இல் இந்த நிதிக்குச் சட்டம் போட்டது. தமிழ்நாடு 2024இல்தான் போட்டது, 45 வருஷம் கழித்து. வரவேற்கிறேன். ஆனால் 2005 வேலை உறுதிச் சட்டம் கிராமசபைக்குக் கொடுத்த சமூகத் தணிக்கை மாதிரி, 789இன் கணக்கைத் தெருவாரியாகச் சேரியில் வாசித்துக் காட்டாத வரைக்கும் அதுவும் செயப்பாட்டு வினைதான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு அலுவலகத்திலிருந்து வாங்கின பதிலை அம்மாவுக்கு வாசித்தேன். 'மாவட்டம் முழுமைக்கும் செலவிடப்பட்டது' என்றிருந்தது.

"எந்தத் தெருவுலன்னு போடலையாய்யா?" என்றாள்.