நம்பர் மட்டும் போதாது

ஓடுவதற்கு ஷூ வாங்கப் போகிறவருக்கு இன்று இரண்டு வழி இருக்கிறது. நகரத்துப் பெரிய கடைகள் சிலவற்றில் டிரெட்மில்லில் ஓடவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் கேமரா வைத்து, பாதம் உள்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கணித்து, அதற்கென்று ஒரு ஷூவை எடுத்துத் தருகிறார்கள். கேரள–தமிழ்நாடு எல்லையோரத்தில், பாறசாலை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கடைகளில் "எத்தனாம் நம்பர்?" என்ற ஒரே கேள்வியோடு பெட்டி திறந்துவிடும். முதலாவது அறிவியல், இரண்டாவது அலட்சியம் என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி?

கேமரா முறையின் அடிப்படை நம்பிக்கை இதுதான்: பாதத்தின் சாய்வு காயத்துக்குக் காரணம், அந்தச் சாய்வைத் தடுக்கும் ஷூ காயத்தையும் தடுக்கும். அமெரிக்க ராணுவம் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உள்ளங்கால் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே வகை. 2009, 2010இல் வெளிவந்த முடிவுகளில் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2014இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில், புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே வகைச் சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் உள்பக்கம் சாய்கிறவர்கள் மற்றவர்களைவிட அதிகம் காயப்படவில்லை. எதிர்ச்சாட்சியும் உண்டு. லக்சம்பர்க்கில் 372 பேரிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், சாய்வு உள்ள பாதங்களுக்குச் சாய்வைத் தடுக்கும் ஷூ உதவியது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 12 ஆய்வுகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒன்றாக வைத்து எடைபோட்ட 2022ஆம் ஆண்டின் காக்ரன் மதிப்பாய்வு, பாத வகை பார்த்து ஷூ கொடுப்பதால் காயம் குறைவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. டிரெட்மில்லும் கேமராவும் இல்லாத ஊரில் இருப்பதால் நமக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்த மண்ணின் கால்களைப் பார்க்க வேண்டும். 1956இல் மாநில எல்லைக்கோடு நடுவில் விழுந்தாலும், அந்தப் பக்கத்து விளவங்கோட்டிலும் இந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரையிலும் வாழ்கிறவர்கள் ஒரே மாதிரி வளர்ந்தவர்கள். செருப்பை வாசலில் விட்டு, வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் ரப்பர் விளைகளிலும் வெறுங்காலோடு திரிந்தவர்கள். மகா சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தில், கையில் பனையோலை விசிறியோடு பன்னிரண்டு கோவில்களையும் வெறுங்காலால் சுற்றி வருகிறார்கள். அந்தப் பாதை நூறு கிலோமீட்டரைத் தாண்டும் என்பார்கள். இப்படி வளர்ந்த காலின் முன்பாதம் விரிந்திருக்கும், தட்டைப்பாதமும் குறைவு. கர்நாடகத்தில் 2300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992இல் ராவும் ஜோசப்பும் வெளியிட்ட ஆய்வில், செருப்பும் ஷூவும் போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் மட்டுமே. இந்தியாவில் வெறுங்காலோடு நடப்பவர்களை அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வும் அவர்கள் பாதம் அகலம் என்றது.

அப்படியென்றால் ஷூவே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அபேபே பிகிலாவை எடுத்துக்காட்டுவார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அவர் வெறுங்காலோடு வென்றார். உண்மைதான். ஆனால் அங்கே கிடைத்த ஷூ காலுக்குச் சரிவராததால்தான் அப்படி ஓடினார் என்பார்கள். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, மூன்று நிமிடம் குறைத்து மறுபடியும் வென்றார். சிவாலய ஓட்டம்போல வருஷத்துக்கு ஒருமுறை நேர்ச்சைக்காக ஓடுவது வேறு. போலீஸ், ராணுவத் தேர்வுக்காகத் தினமும் தாரிலும் கான்கிரீட்டிலும் ஓடும் பையன்களிடமும் பெண்பிள்ளைகளிடமும் ஷூவைக் கழற்றச் சொல்ல என்னால் முடியாது.

ஆகவே கேள்வி அகலத்தில் வந்து நிற்கிறது. நம் கடைகளில் புழங்கும் நம்பர், ஆங்கிலேயர் காலத்து நீளக் கணக்கு. ஒரு நம்பர் கூடினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் அதில் கொஞ்சமே கூடும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று கண்டு, 'பா' என்ற இந்திய அளவு முறையை முன்வைத்தது. அகலத்துக்கு இடம் விடும் அந்த முறைப்படி எல்லா ஷூவும் வரும்வரை, நம் அகலத்தை நாமே கேட்டு வாங்க வேண்டியதுதான்.

அதற்குக் கருவி வேண்டாம். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தாளின்மேல் எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். கடையில் ஷூவுக்குள் கிடக்கும் இன்சோலை உருவி அந்தப் படத்தின்மேல் வையுங்கள். சுண்டுவிரல் பக்கம் கோடு வெளியே தள்ளினால் அந்த ஷூ வேண்டாம். "போட்டுப் பழகினா லூசாயிரும் அண்ணே" என்பார் கடைப்பையன். துணி கொஞ்சம் இளகும், அடிப்பாகம் அகலாது. ஒரு நம்பர் கூட்டிக் கொடுத்தால் குதிகால் உள்ளே வழுக்கும், கால் முன்னே பாயும், நகம் கறுக்கும். இரண்டில் பெரிய காலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஓடும்போது போடும் சாக்ஸோடு கடை வாசலில் நாலு தடவை ஓடிப் பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் 2015இல் சொன்னதும் இதுதான்: சாய்வுக் கணக்கைவிட, போட்டவுடன் காலுக்குச் சுகமாக இருக்கிறதா என்பதே நல்ல வழிகாட்டி. அது இன்னும் ஒரு கருதுகோள்தான். ஆனாலும் கேமராவின் வாக்குறுதியைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

நம்பரைக் கேட்டுப் பெட்டி திறப்பது அளவெடுப்பே ஆகாது. கேமரா வைத்துச் சாய்வு பார்ப்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. நின்ற நிலையில் நீளமும் அகலமும் பார்த்து, ஓடிப் பார்த்து வாங்குவதுதான் நம் கால்களுக்கு ஏற்றது. விலை கூடிய குறுகலான ஷூவும் விலை குறைந்த அகலமான ஷூவும் முன்னால் இருந்தால், அகலமானதை எடுங்கள்.